இனிப்பு தின்னும் இடங்கள்

காலையிலிருந்து பட்டினி.
ஈயக் குழலுக்குள் ஒளித்து வந்தது ஊசி.
ஏறுவது சர்க்கரையாக்கும் என்றாள் நர்ஸ்,
கொஞ்சம் கதிர் பூசிய சர்க்கரை.
பசித்த இடம் முதலில் தின்னும்,
தின்ற இடம் படத்தில் எரியும்.
ஒரு மணிநேரம் பேசக் கூடாது, அசையக் கூடாது.
மூன்று வருஷம் முன்பு
மார்பு இருந்த இடத்தை நினைக்காமல்
இருட்டறையில் கிடக்கப் பார்த்தேன்.
ஜெபமாலை உருட்டினால் அதுவும் அசைவா?
கேட்கவும் வழியில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில்
பூவாறு தாண்டி ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏறி
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
இன்றைக்குக் கர்ப்பிணிகளை நெருங்காதே என்று
காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
எழுந்து நின்றேன்.
"இருங்கக்கா, இடம் கிடக்கே" என்றாள்.
என்ன சொல்ல,
நான் எரிந்துகொண்டிருக்கிறேன் மகளே என்றா?
கொல்லங்கோடு வரை கம்பியைப் பிடித்து நின்றேன்.

படத்தில்
கழுத்தில் இரண்டு, நெஞ்சின் நடுவில் நான்கு.
வள்ளவிளைக் கரையில் நின்று பார்க்கும்போது
ராத்திரிக் கடலில் தெரியுமே போட்டு விளக்குகள்,
அப்படி.
டாக்டர் என்னைப் பார்க்காமல் படத்தோடு பேசினார்.
"திரும்பி வந்திருக்கு போல."
அந்தப் 'போல' என் காதுக்கு வந்து சேரவில்லை,
மேசைக்குக் கீழே எங்கோ விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அடகுச் சீட்டு இருக்கும் இடத்தை
மகளுக்குக் காட்டினேன்.
கல்லறைக்கு எந்தப் போட்டோ என்றும் சொன்னேன்,
ஞானஸ்நானத்துக்கு எடுத்தது, சிரிப்பு குறைவானது.
மூன்று ஜார் மிக்சியைக் கொழுந்தன் பெண்டாட்டி
ஜெனோபாவுக்குக் கொடுத்தேன்.
ஊர் முழுக்க ஆரஞ்சோடு வந்தது.
கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்து
பத்து பத்தாக மணி சொன்னார்கள்.

லட்சத்தீவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளீட்டஸ்
சாட்டிலைட் போனில் கத்தினான்:
"எக்கோவுல செவப்பா தெரியுதுன்னு
எத்தன தடவ வல விட்டிருக்கேன்,
இழுத்தா அம்புட்டும் சொறி!
மீனா சொறியான்னு மெசினுக்கு என்ன தெரியும்?
எடுத்துப் பாக்கச் சொல்லு, பிள்ளே,
எடுத்துப் பாக்காம…"
லைன் போய்விட்டது.
டீசல் கணக்குப் பேசுகிறவன் மாதிரி இருந்தது.
நம்பவில்லை. ஆனால் போனேன்.

மார்த்தாண்டத்தில் கழுத்தைக் கீறி
ஒரு பயறளவு எடுத்துப் புட்டியில் போட்டார்கள்.
ஒன்பது நாள்.
ஒன்பதாம் நாள் டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.
"கேன்சர் இல்ல. டி.பி.யாக்கும்."
கிருமியை வளைத்து நின்று சண்டையிட்ட
என் சொந்த அணுக்கள்தான்
அவ்வளவு சர்க்கரையும் தின்றிருக்கின்றன.
திருடனுக்கும் பசிக்கும், காவலுக்கும் பசிக்கும்.
படத்தில் இரண்டு பசிக்கும் ஒரே நிறம்.

டி.பி. என்று கேட்டு
ஆஸ்பத்திரி வராந்தாவில் சிரித்தேன்.
ட்ரிப் ஸ்டாண்டோடு நடந்த ஒரு கிழவர்
விலகிப் போனார்.

ஆரஞ்சு வருவது நின்றது.
கழலை டி.பி. பரவாது என்று டாக்டர் சொன்னதை
நானே வீடு வீடாகச் சொல்ல முடியுமா?
கேன்சருக்குக் கட்டிலில் உட்கார்ந்தவர்கள்
டி.பி.க்கு நடையில் நின்று,
முந்தானையை மூக்கில் வைத்து, நல்லாயிருக்கியா என்றார்கள்.
நல்லாயிருக்கேன்.
மாத்திரைக்கு மூத்திரம் ஆரஞ்சாகப் போகிறது,
நீங்கள் கொடுத்ததெல்லாம் திரும்பி வருகிறது என்று
சொல்ல வாய் வந்தது.

இன்னும் ஐந்து மாதம் மாத்திரை.
பிறகு மறுபடி சர்க்கரை, மறுபடி இருட்டறை.
அப்போது எரிவது என்னவாக இருக்கும்,
அதை அப்போது கீறிப் பார்க்கட்டும்.

இப்போது விடியற்காலை.
மதிலுக்கு அந்தப் பக்கம் தேங்காய் அரைபடுகிறது.
இரண்டாம் ஸ்பீடில் கீச்சென்று இழுக்குமே,
அது என் மிக்சி.
சாகப் போகிறேன் என்று கொடுத்ததை
சாகவில்லை என்று எப்படித் திருப்பிக் கேட்பது?
ஜெனோபா, உனக்கும் தெரியும்.
அதனால்தான் நீ
இப்போதெல்லாம் என்னைக் கண்டால்
சட்டென்று துணி காயப்போடப் போய்விடுகிறாய்.